இராமானுசனும் ஒரு பேரெண்ணும்

பளைத் தென்னந்தோப்புக்களிலே தேங்காயைக் குவித்தெண்ணும் காட்சி நம் கல்லூரியார் எவருக்கும் புதிதன்று. பன்னிரண்டு தேங்காய்களைச் சமமான குவியல்களாக ஆறு வகையிற் பகுக்கலாம். பதினொன்றையோ இரு வகையில் மட்டுமே பகுக்கலாம். பன்னிரண்டிலுஞ் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு, தன்னிலுஞ் சிறிய எண்கள் அனைத்தினும் மிகுந்த காரணிகளையுடைய எண்ணைப் பெரும்பகு எண் என்போம். அத்தகைய எண்களின் இயல்பை ஆழ்ந்து ஆராய்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுசன் ஆவார்.

அவர் 1887ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி ஈரோட்டிலே பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதமொன்றிலேயே உள்ளம் தோய்ந்து பிற பாடங்களைக் கைவிட்டமையாற் கல்லூரிப் புலமைப்பரிசிலை இழந்தார். பின்னர்ச் சென்னையிலே எப்.ஏ. பரீட்சைக்குத் தோற்றியும் சித்தியெய்தினாரல்லர். 1912இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்திலே மாதம் முப்பது ரூபா வேதனத்தில் எழுதுவினைஞராயமர்ந்தார். மறுவருடம் கேம்பிறிட்ஜ்க் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிபுகளை எழுதியனுப்பினார். அதன் பயனாக 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

பெரும்பகு எண்கள் பற்றிய அவரது நீண்ட கட்டுரை 1915இல் வெளிவந்தது. அதில் 102 எண்களை நிரல்படுத்தியுள்ளார். இறுதியாக நிற்பது பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட 6,746,328,388,800 என்னும் பேரெண். இதனை 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இவ்விரு முறை, 11, 13, 17, 19, 23 என்பன ஒவ்வொரு முறை பெருக்கிப் பெறலாம். முதன்மை எண் பெரிதாகுந்தோறும் அது வரும் தடவை கூடுவதில்லை என்பதை அவர் நிறுவினார். இவ்வெண்ணின் காரணிகள் 10,080 ஆகும்.

எனினும் அந்நிரலிலே ஓரெண் விடுபட்டுப் போயிற்று. அது 293,318,625,600. இதன் காரணிகள் 5,040. இதனை 23ஆற் பெருக்கினால் வருவது நிரலின் இறுதியில் நின்ற அப்பேரெண்ணேயாம்! பழைய காரணி ஒவ்வொன்றும் தனித்தும் 23உடன் கூடியும் வருதலால், அவற்றின் தொகை இருமடங்காயிற்று. மறந்த எண், எழுதிய எண்ணுக்குள்ளேயே மறைந்திருந்தது.

இக்கட்டுரைக்காகவே 1916இல் கேம்பிறிட்ஜ் அவருக்குப் பட்டமளித்தது. எப்.ஏ. பரீட்சையிற் தவறியவர் 1918இல் றோயல் சங்கத்தின் உறுப்பினருமானார். போர்க்காலப் பணமுடையால் அச்சேறாது நின்ற கட்டுரையின் எஞ்சிய பகுதி 1997இலேயே முழுமையாக வெளிவந்தது. அதனைக் காண அவர் இருந்திலர். நோயுற்று 1919இல் தாயகம் மீண்டவர், 1920 ஏப்பிரல் 26ஆம் திகதி, முப்பத்திரண்டாம் வயதிலே மறைந்தார்.

மாணவ நண்பர்களே, பரீட்சைத் தோல்வி ஒருவரின் அளவுகோலன்று. மேதையின் நிரலாயினும் நாமே எண்ணிச் சரிபார்த்தல் அவமதிப்புமன்று. அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வதே அது. பழைய மாணவராகிய நாம் இவ்விழா நாளில் உங்களிடம் வேண்டுவதும் அதுவே.