வீரமாமுனிவரும் தரங்கம்பாடி அச்சகமும்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போய் வராதவர் எங்கள் வகுப்பில் அரிது. அங்கே பணியாற்றிய வீரமாமுனிவரின் வரலாற்றை இம்மலருக்கு எழுத நாங்கள் ஆவலோடு முன்வந்தோம். படிக்கப் படிக்க ஒரு சங்கடமும் எழுந்தது.

முனிவர் 1680ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் பிறந்தார். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. சேசு சபைக் குருவாகித் தமிழகம் வந்து, தமிழ்ப் புலவர்களே வியக்கும் புலமை பெற்றார். புனித சூசையப்பரின் வரலாற்றை 3615 பாடல்களில் தேம்பாவணியாகப் பாடினார். 1732இல் சதுரகராதியைத் தந்தார். எ, ஏ என்று நாம் வேறுபடுத்தி எழுதுவதும் அவர் செய்த திருத்தமே. பரமார்த்த குரு கதையைப் படித்துச் சிரிக்காத பிள்ளை உண்டோ?

இத்தகைய பெரியவர் லுத்தரன் சபையாரைப் பற்றி எழுதும்போது மட்டும் மிகக் கடுமையாகி விடுகிறார். வேதவிளக்கம் முதலிய நூல்களில் அவர்களுடைய போதனையைச் சாடினார். அவர்கள் எழுதிய தமிழையும் எள்ளி நகையாடினார். அவர்களும் நம் திருச்சபையைக் கண்டித்து எழுதியவர்களே. ஆனாலும் மனம் ஆறவில்லை. எங்கள் வகுப்பில் லுத்தரன் சபைத் தோழி ஒருத்தி இருக்கிறாள். இப்பகுதியை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம்.

அப்போதுதான் ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஐரோப்பாவிலிருந்து புதிதாக வரும் குருக்கள் பேச்சுத் தமிழைக் கற்பதற்காக, கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்றை முனிவர் இலத்தீன் மொழியில் எழுதியிருந்தார். அது அச்சேறியது 1738இல். அச்சிட்டது எந்த அச்சகம் தெரியுமா? தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் மிஷன் அச்சகம்! யாரை அவர் இகழ்ந்தாரோ, அவர்களே அவர் உயிரோடிருக்கும்போதே அவர் பெயரால் நூலை வெளியிட்டார்கள். அதற்காகத் தங்கள் கொள்கையை விட்டுக் கொடுக்கவுமில்லை, வாதத்தை நிறுத்தவுமில்லை. தமிழ் கற்க அதனினும் நல்ல நூல் இல்லை என்று கண்டார்கள், அச்சுக் கோத்தார்கள். அடுத்த ஆண்டே அவர்களுள் ஒருவரான வால்தர் தம் இலக்கணக் குறிப்புகளையும் அச்சிட்டார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சபையாரைப் பிரிந்த சகோதரர் என்று அழைத்தது 1964இல். அதற்கு 226 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

முனிவர் 1747இல் இறைவனடி சேர்ந்தார்.

எழுதி முடித்ததும் தோழியிடமே முதலில் வாசித்துக் காட்டினோம். கடுமையான பகுதி வந்தபோது எங்களில் ஒருத்தியின் குரல் தடுமாறியது. தோழி முழுவதும் கேட்டாள். தமிழைக் கேலி செய்ததுதான் தனக்குப் பொறுக்கவில்லை என்றாள். சற்று நேரம் கழித்து, எழுத்துப் பிழை இரண்டைச் சுட்டிக் காட்டித் திருத்திக் கொடுத்தாள்.