டிரெவிதிக்கின் சிறு பொறி
ரிச்சர்டு டிரெவிதிக் 1771ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தார். அக்காலத்து நீராவிப் பொறிகள் வீடளவு பெரியன. நின்ற இடத்திலேயே இயங்குவன. நீராவியின் அழுத்தத்தை மிகுத்தால் சிறு பொறியே பெருவேலை செய்யும் என்று டிரெவிதிக் துணிந்தார். கொதிகலம் வெடிக்குமென ஜேம்ஸ் வாட் முதலியோர் அஞ்சினர். டிரெவிதிக்கோ சிறு மாதிரி வண்டி ஒன்றை அமைத்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டை அதனுள் செருகினார், நீர் கொதித்தது, சக்கரங்கள் சுழன்றன.

1804இல் வேல்ஸ் நாட்டுப் பெனிடாரனில் அவருடைய பெரிய பொறி 10 டன் இரும்பையும் எழுபதின்மரையும் இழுத்துச் சென்றது. இருப்புப்பாதையில் நீராவியால் ஓடிய முதல் வண்டித்தொடர் அதுவே. ஆயினும் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் அதன் பாரந் தாங்காது முறிந்தன, முயற்சி நின்றது.

1833இல் வறுமையுற்று இறந்த அவரை உடனுழைத்தோரே பொருள் ஈந்து அடக்கம் செய்தனர். ஆனால் பின்வந்த நீராவி வண்டிகள் யாவும் அவர் காட்டிய உயரழுத்த நெறியிலேயே ஓடின. மாணவர்களே! பெருஞ்செயலைக் கருதுவோர் முதலில் அதனைச் சிறிதாகச் செய்து தெளிதல் வேண்டும்.