சிருங்கேரியில் கணக்குக் கண்ட திருநெல்வேலித் துறவி

பெங்களூரில் இருந்து சிருங்கேரிக்குப் பஸ் ஏறும் தமிழர்கள் பலர். சாரதாம்பாளைத் தரிசித்து, துங்கா நதி மீன்களுக்குப் பொரி போட்டு விட்டுத் திரும்புவார்கள். அந்த ஊரில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் 8 ஆண்டுகள் தங்கி, வேதாந்தம் படித்து, பக்கத்துக் காட்டில் தவம் இருந்தார். நீண்ட வகுத்தல் கணக்கைப் பின்னால் இருந்து போடும் வித்தை அந்தத் தவத்தில்தான் புலப்பட்டது என்று பின்னாளில் கூறினார்.

அவர்தான் பூரி சங்கராச்சாரியார் பாரதி கிருஷ்ண தீர்த்தர். "வேதக் கணிதம்" என்ற நூலின் ஆசிரியர்.

தாசில்தார் மகன்

1884 மார்ச் மாதம் பிறந்தார். இயற்பெயர் வெங்கட்ராமன். தந்தை நரசிம்ம சாஸ்திரி, திருநெல்வேலியில் தாசில்தார். பிறகு டெபுடி கலெக்டர் ஆனவர். மகன் திருநெல்வேலியிலும் திருச்சியிலும் படித்தார். 15 வயதிலேயே, 1899-ல், சமஸ்கிருதப் புலமைக்காகச் சென்னையில் அவருக்கு "சரஸ்வதி" என்ற பட்டம் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரில் இருந்த ஒரு கல்லூரியின் எம்.ஏ. பரீட்சையைப் பம்பாயில் இருந்தபடியே எழுதித் தேறினார். 1905-ல் கோகலேயுடன் சேர்ந்து, தேசியக் கல்விக்காகவும் தென் ஆப்பிரிக்க இந்தியர்களுக்காகவும் வேலை செய்தார். ராஜமுந்திரி தேசியக் கல்லூரியில் 3 ஆண்டு பிரின்சிபால். நல்ல உத்தியோகம்தான். ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. 1911-ல் அதை விட்டுச் சிருங்கேரிக்குப் போய் விட்டார்.

1919-ல் காசியில் சந்நியாசம் பெற்றார். 1921-ல் சாரதா பீடத்தின் சங்கராச்சாரியார் ஆனார். அதே ஆண்டில் கராச்சி கோர்ட்டில் அலி சகோதரர்களுடன் குற்றவாளிக் கூண்டில் நின்றார். வெள்ளையர் பட்டாளத்தில் சேர்வதற்கு எதிராகத் தீர்மானம் போட்ட வழக்கு அது. அலி சகோதரர்களுக்கு 2 ஆண்டு ஜெயில், சங்கராச்சாரியார் விடுதலை. 1925-ல் பூரி கோவர்த்தன மடத்துக்குப் போனார்.

முடியாத வகுத்தல்

அவர் நூலின் தொடக்கத்திலேயே வரும் கணக்கு இது: 1-ஐ 19-ஆல் வகுக்க வேண்டும்.

பள்ளிக்கூட முறைப்படி வகுத்தால் 0.052631... என்று போய்க்கொண்டே இருக்கும். வகுத்து முடிக்கவே முடியாது. ஆனால் கணக்கு கட்டுக்கடங்காமலும் போகாது. 19-ஆல் வகுத்தால் மீதி 1 முதல் 18 வரைதான் வர முடியும். அந்தப் பதினெட்டும் தீர்ந்த பிறகு பழைய மீதி திரும்பி வந்தாக வேண்டும். மீதி திரும்பினால் இலக்கமும் திரும்பும். இதுதான் சுழல் தசமம். 052631578947368421 என்ற 18 இலக்கங்களும் வண்டிச் சக்கரம்போலச் சுற்றி வரும்.

பாரதி கிருஷ்ண தீர்த்தர் இந்தப் பதினெட்டையும் வகுக்காமலே எழுதினார். வலது ஓரத்தில் 1. அதை 2-ஆல் பெருக்கி இடப் பக்கம் எழுத வேண்டும்: 2. பிறகு 4, 8. அடுத்து 16, 6 போட்டுக் கையில் 1. ஆறிரண்டு 12, கையில் 1, ஆக 13. 3 போட்டுக் கையில் 1. இப்படியே போனால் 18-வது இடத்தில் 0 வந்து சக்கரம் முடியும்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. வகுக்கும்போது ஒவ்வொரு தடவையும் மீதியை 10-ஆல் பெருக்கி முன்னே போகிறோம். பத்திரண்டு 20. அதை 19-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 10-ஆல் பெருக்கிப் போன வழியில், 2-ஆல் பெருக்கித் திரும்பி வந்து விடலாம்.

சரிபார்ப்பதும் சுலபம். முதல் 9 இலக்கங்களையும் கடைசி 9 இலக்கங்களையும் கூட்டினால் 999999999 வரும். வராவிட்டால் எங்கோ கை தவறி இருக்கிறது என்று அர்த்தம். பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இந்த ருசி தெரியும்.

வேதத்தில் எங்கே?

தகராறு கணக்கில் இல்லை, பெயரில்தான். தமது 16 சூத்திரங்களும் அதர்வ வேதத்தின் பரிசிஷ்டத்தில் உள்ளவை என்றார் அவர். 1950-ல் லக்னோவில் கணித வரலாற்று அறிஞர் கே.எஸ்.சுக்லா, அச்சான பரிசிஷ்டத்தை அவர் முன் வைத்து, சூத்திரங்கள் எங்கே என்று காட்டும்படி கேட்டார். அவை இந்தப் பதிப்பில் இல்லை, தம்மிடம் உள்ள பரிசிஷ்டத்தில் இருக்கின்றன என்று துறவி பதில் சொன்னார். அந்தப் பிரதி வெளியே வரவே இல்லை.

சூத்திரங்களின் மொழிநடை வேத கால நடை அல்ல. தசம பின்னக் கணக்கும் வேதத்தில் கிடையாது. சுழல் தசமம் ஐரோப்பாவுக்கும் புதிது அல்ல. ஜெர்மானியரான காஸ் 1801-லேயே தம் நூலில் அதை ஆராய்ந்து அட்டவணை போட்டிருந்தார். நூலைப் பதிப்பித்த வி.எஸ்.அகர்வாலாவே, அந்தச் சூத்திரங்கள் தெரிந்த பரிசிஷ்டங்களில் இல்லை என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் இது யாருடைய சொத்து? திருநெல்வேலிக்காரர் ஒருவரின் சொந்த உழைப்பு என்றே சொல்லத் தோன்றுகிறது. வேதத்தின் பெயரைப் போட்டதால் அவருக்குச் சேர வேண்டிய பெயர் குறைந்ததுதான் மிச்சம்.

காணாமல் போன நோட்டுகள்

சூத்திரத்துக்கு ஒன்றாக 16 நூல்கள் எழுதிச் சீடர் ஒருவர் வீட்டில் கொடுத்து வைத்திருந்ததாகவும், அவை தொலைந்து விட்டதாகவும் சீடர் மஞ்சுளா திரிவேதி எழுதியுள்ளார். 1957-ல், அமெரிக்கப் பயணத்துக்கு முன்பு, பார்வை மங்கிய நிலையில், ஞாபகத்தில் இருந்தே ஒன்றரை மாதத்தில் ஒரே ஒரு நூலை எழுதினார். மற்றவற்றைத் திரும்ப எழுத அவகாசம் கிடைக்கவில்லை. 1960 பிப்ரவரி 2-ந் தேதி பம்பாயில் காலமானார்.

நூல் 1965-ல் காசியில் அச்சானது. அதில் 19-க்குப் பின் 29-ம் வருகிறது. அதற்கு 2-க்குப் பதில் 3-ஆல் பெருக்க வேண்டும். சக்கரத்தில் 28 இலக்கங்கள். வலது ஓரத்தில் 1, பிறகு 3, 9. அடுத்து 27, 7 போட்டுக் கையில் 2.