பிரெடெரிக் லான்செஸ்டர்

பிரெடெரிக் வில்லியம் லான்செஸ்டர் (அக்டோபர் 23, 1868 - மார்ச் 8, 1946) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். பிரித்தானியாவில் முழுவதும் உள்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் நான்கு சக்கர பெட்ரோல் தானுந்து இவருடையதே. தானுந்துகளுக்கான டிஸ்க் பிரேக்கிற்கு 1902 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வானூர்தியின் இறக்கை எவ்வாறு தூக்குவிசை பெறுகிறது என்பதை விளக்கிய முன்னோடிகளில் ஒருவர். போரில் படைகளின் இழப்பைக் கணிக்க உதவும் லான்செஸ்டர் விதிகளும் இவர் பெயரால் வழங்குகின்றன. இன்று பந்தயத் தடத்தில் கார் ஓட்டுபவர்கள் பணம் செலவழித்து மாற்றிக்கொள்ளும் பிரேக் டிஸ்க்கின் வரலாறு இவருடைய பர்மிங்காம் தொழிற்சாலையில் தொடங்குகிறது எனலாம்.

பிறப்பும் குடும்பமும்

லான்செஸ்டர் இலண்டனில் பிறந்தார். தந்தை என்றி ஜோன்ஸ் லான்செஸ்டர் கட்டடக் கலைஞர். தாய் ஒக்டேவியா இலத்தீனும் கணிதமும் கற்பித்தவர். எட்டுப் பிள்ளைகளில் இவர் நான்காமவர். இவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிரைட்டன் பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

இக்குடும்பத்துக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. அண்ணன் என்றி வாகன் லான்செஸ்டர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். ஜோத்பூரில் உள்ள உமைத் பவன் அரண்மனையை வடிவமைத்தவர் இவரே. அன்றைய சென்னை மாகாணத்தின் நகரமைப்பைப் பற்றி 1918 இல் ஒரு நூலும் வெளியிட்டார். தம்பி ஜார்ஜ் லான்செஸ்டர் பொறியாளர். அண்ணன் பிரெடெரிக் விட்ட இடத்திலிருந்து தானுந்துத் தொழிலைத் தொடர்ந்தவர். தங்கை எடித்தின் மகள் எல்சா லான்செஸ்டர் ஹாலிவுட் நடிகை.

கல்வியும் முதல் வேலையும்

சவுத்தாம்ப்டனில் இருந்த ஹார்ட்லி கல்வி நிறுவனத்தில் படித்த பின், உதவித்தொகை பெற்று இலண்டன் கென்சிங்டனில் இருந்த அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெறாமலேயே வெளியேறினார். 1888 இறுதியில் காப்புரிமை அலுவலகத்தில் வாரம் 3 பவுண்டு ஊதியத்தில் வரைவாளராகப் பணியாற்றத் தொடங்கினார்.

1889 இல் பர்மிங்காமில் சால்ட்லி என்னும் இடத்தில் இருந்த பார்வர்டு வாயு எந்திர நிறுவனம் இவரை உதவி மேலாளராக அமர்த்தியது. ஊதியம் வாரம் 1 பவுண்டு மட்டுமே. பணியாளர் செய்யும் மேம்பாடுகள் யாவும் நிறுவனத்துக்கே உரியவை என்றொரு விதி வேலை ஒப்பந்தத்தில் இருந்தது. லான்செஸ்டர் அந்த விதியை அடித்துவிட்டுத்தான் கையொப்பமிட்டார். இருபது வயது இளைஞர் செய்த இச்செயல் விரைவிலேயே பலன் தந்தது. எந்திரத்தின் வேகத்தைச் சீராக வைக்கும் ஊசல் வகைக் கட்டுப்படுத்தி ஒன்றை உருவாக்கி, பொருத்தப்படும் ஒவ்வொன்றுக்கும் பத்து சில்லிங் உரிமத்தொகை பெற்றார். அடுத்து அவர் செய்த எந்திரத் தொடக்கியின் உரிமை கிராஸ்லி நிறுவனத்துக்கு 3,000 பவுண்டுக்கு விற்கப்பட்டது. பின்னாளில் தானுந்து ஆய்வில் இறங்குவதற்கு இந்த வருவாய் துணை நின்றது.

தானுந்து உருவாக்கம்

அக்காலத் தானுந்துகள் பல குதிரை வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு எந்திரத்தைப் பூட்டியவை போலவே இருந்தன. லான்செஸ்டர் வண்டி முழுவதையும் ஒரே பொறியாகக் கருதி முதலிலிருந்து வடிவமைத்தார். ஒரு சிலிண்டரும் 5 குதிரைத்திறனும் கொண்ட முதல் வண்டி 1895 இல் கட்டப்பட்டு, 1896 ஆம் ஆண்டின் முற்பகுதியில் சாலையில் ஓடியது. அதன் அதிர்வு நிறைவளிக்காததால், எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு வணரித்தண்டுகளைக் கொண்ட இரு சிலிண்டர் எந்திரத்தை உருவாக்கினார். ஒன்றன் அதிர்வை மற்றொன்று ஈடுசெய்தது. இரண்டாவது வண்டி 1899 இல் ரிச்மண்ட் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

1899 டிசம்பரில் லான்செஸ்டர் எந்திர நிறுவனம் தொடங்கப்பட்டது. பர்மிங்காமின் ஸ்பார்க்புரூக் பகுதியில் தொழிற்சாலை அமைந்தது. எந்த வண்டியின் உறுப்பையும் எந்த வண்டியிலும் பொருத்த வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் அளவையும் கருவி கொண்டு சரிபார்க்கும் முறையை வகுத்தார். அரத்தால் தேய்த்துப் பொருத்துவதே வழக்கமாக இருந்த காலம் அது. பொருள்கள் நன்கு விற்றும், போதிய முதலீடு இல்லாமையால் 1904 இல் நிறுவனம் கடன்காரர்கள் சார்பில் நிருவகிக்கப்படும் நிலைக்கு வந்தது. பின்னர் லான்செஸ்டர் மோட்டார் நிறுவனம் என்ற பெயரில் சீரமைக்கப்பட்டது. எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங் இவ்வண்டிகளை வைத்திருந்தவர்களுள் ஒருவர்.

டிஸ்க் பிரேக்

லான்செஸ்டரின் 1902 காப்புரிமையில் உள்ள அமைப்பை இன்று பார்ப்பவரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வர். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் மெல்லிய உலோகத் தட்டு ஒன்று. அதன் விளிம்பை இரு பக்கமும் கவ்வும் பிடிகள். மிதிவண்டியின் பின் சக்கர விளிம்பை ரப்பர்க் கட்டைகள் பிடிப்பதை இதற்கு ஒப்பிடலாம். அமெரிக்கரான எல்மர் ஸ்பெரி 1898 அளவில் தம் மின்தானுந்தில் மின்காந்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக்கைப் பயன்படுத்தியிருந்தார். எனவே தட்டைப் பிடித்து வண்டியை நிறுத்தலாம் என்னும் எண்ணம் லான்செஸ்டருக்கே முதன்முதலில் தோன்றியது எனக் கூற இயலாது. ஆனால் இன்றைய காலிப்பர் வகையின் நேரடி முன்னோடி இவருடையதே.

கருத்து சரியாக இருந்தது, பொருள்தான் கிடைக்கவில்லை. வெப்பத்தைத் தாங்கும் உராய்வுப் பொருள் அன்று இல்லை. ஆகவே தட்டின் மீது செம்புப் பட்டைகளையே அழுத்த வேண்டியிருந்தது. உலோகம் உலோகத்தின் மீது உராய்ந்ததால் கிறீச்சென்ற ஒலி எழுந்தது. தார் காணாத அக்காலச் சாலைகளின் புழுதியும் மணலும் இடையில் புகுந்து செம்பை விரைவில் தேய்த்துவிட்டன. திறந்து கிடக்கும் தட்டு வெப்பத்தை எளிதில் வெளியேற்றும். புழுதியை எளிதில் உள்ளே விடுவதும் அதுவே. மூடிய டிரம் பிரேக்குகளுக்குப் புழுதித் தொல்லை குறைவு என்பதால் தொழில்துறை அப்பக்கம் சென்றது. சில ஆண்டுகளில், பெரோடோ நிறுவனத்தை நிறுவிய எர்பர்ட் புரூட் கல்நார் கலந்த உராய்வுப் பட்டைகளைக் கொண்டுவந்தார். கல்நாரின் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பது தெளிவாகிப் பல நாடுகள் அதைக் கைவிட்டது பிற்காலக் கதை. டிஸ்க் பிரேக் மீண்டும் தலைதூக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் லான்செஸ்டரின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்திருந்தது.

பிரேக் செய்யும் வேலை என்ன என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். சேர்வராயன் மலையில் ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கீழே சேலம் 280 மீட்டர் அளவில். தலைச்சோலை போன்ற மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்குவதாகக் கொள்வோம். 1,200 மீட்டர் இறக்கத்தில் அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 1.2 கோடி ஜூல். 30 பாகை வெப்பமுள்ள 40 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க இது போதும். காற்றுத் தடையும் எந்திரத்தின் தடையும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியது முழுவதும் பிரேக்கில்தான் வெப்பமாக இறங்கும். மலைச்சாலையில் இரண்டாம் கியரில் இறங்குமாறு ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்தப்படுவது இதனாலேயே.

இதே கார் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது 12.5 இலட்சம் ஜூல் வெப்பம் உண்டாகிறது. அதாவது பத்து முறை அவ்வாறு நிறுத்தினால் ஏற்காட்டிலிருந்து இறங்கியதற்குச் சமம். மலையிறக்கத்தில் ஒரு மணி நேரத்தில் பரவி வருவது, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடத்தில் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். முன் சக்கரங்கள் இதில் 70 விழுக்காட்டை ஏற்பதாகக் கொண்டால், 5 கிலோகிராம் எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் ஒன்று ஒரே நிறுத்தத்தில் ஏறத்தாழ 190 பாகை சூடேறும். 8 கிலோகிராம் டிஸ்க் ஆயின் 120 பாகை. தடத்தில் ஓட்டுவதற்குப் பெரிய டிஸ்க் மாற்றுவதன் அடிப்படை இந்த எளிய வகுத்தல் கணக்கே. விட்டம் கூடுவதால் நெம்புகோல் நீளமும் கூடுகிறது. இரு முகங்களுக்கு இடையே காற்றோடும் வழி கொண்ட டிஸ்க் அடுத்த வளைவுக்குள் வேகமாகக் குளிர்கிறது.

பெரிய டிஸ்க் போட்டால் கார் உடனே குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்பது பரவலான தவறான கருத்து. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு ஏற்கெனவே பிரேக்குக்கு வலு இருந்தால், முதல் நிறுத்தத்தின் தூரத்தை முடிவு செய்வது டயரின் பிடிப்பே. டிஸ்க்கின் தரம் பத்தாவது சுற்றில்தான் தெரியும். மேலும் வெப்பம் அதிகமாகும்போது முதலில் கைவிடுவது பெரும்பாலும் டிஸ்க் அன்று. பேட் தன் உராய்வை இழக்கும். அல்லது பிரேக் எண்ணெய் கொதித்து, மிதியை அழுத்தினால் வெறுமனே கீழே போகும். ஈரம் ஏறாத புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை இருக்க வேண்டும் என்பது தர விதி. பழைய எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி அதைவிட வெகு குறைவான வெப்பத்திலேயே கொதிக்கும். ஆகவே பேட்டையும் எண்ணெயையும் மாற்றாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. துளையிட்ட டிஸ்க்குகள் பார்வைக்கு அழகியவை. ஆயினும் மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிர்கையில் துளைகளின் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பக்கூடும் என்பதால், வார்ப்பிரும்பில் வரிப்பள்ளம் இட்டவையே தடத்துக்கு ஏற்றவை.

டிஸ்க் பிரேக்கின் மீள்வரவும் பந்தயத் தடத்தில்தான் நிகழ்ந்தது. 1953 ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி வகைக் கார் வென்றது. டிரம் பிரேக் கொண்ட போட்டியாளர்கள் நெடுநேர் சாலையின் முடிவில் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தபோது, ஜாகுவார் ஓட்டுநர்கள் இன்னும் சற்றுத் தொலைவு முழு வேகத்தில் செல்ல முடிந்தது. 1955 இல் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ் அதை அன்றாடச் சாலைக்குக் கொண்டுவந்தது. லான்செஸ்டர் இவ்விரண்டையும் காணவில்லை. தமிழ்நாட்டில் டிவிஎஸ் குழுமத்தின் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962 இல் சென்னை பாடியில் தொடங்கப்பட்டது.

வானூர்தி ஆய்வும் போர்க் கணிதமும்

பறவைகளின் பறத்தலைக் கவனித்து 1890களிலேயே தூக்குவிசை பற்றிய கொள்கையை லான்செஸ்டர் வகுத்தார். 1897 இல் அவர் அளித்த கட்டுரையை அறிவியல் கழகம் ஏற்க மறுத்தது. ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. பின்னர் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் இரண்டு நூல்களாகத் தம் ஆய்வை வெளியிட்டார். இறக்கையின் முனைகளிலிருந்து பின்னோக்கி நீளும் சுழல்களை அவர் விளக்கியிருந்தார். ஆனால் கணித வடிவம் எளிதில் விளங்காததாக இருந்தது. 1908 இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் லுட்விக் பிராண்டிலைச் சந்தித்தார். முழுமையான கணிதக் கொள்கையைத் தந்தவர் பிராண்டிலே. இன்று அது இருவர் பெயராலும் வழங்குகிறது.

1914 இல் எழுதத் தொடங்கி 1916 இல் நூலாக வெளிவந்த ஆய்வில், தொலைவிலிருந்து சுடும் படைகளின் வலிமை எண்ணிக்கையின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று காட்டினார். செயற்பாட்டு ஆய்வு என்னும் துறைக்கு இது ஒரு தொடக்கப் புள்ளி.

பிற்காலம்

1909 முதல் டெய்ம்லர் நிறுவனத்தின் ஆலோசகராக இருந்தார். வணரித்தண்டின் முறுக்கு அதிர்வைத் தணிக்கும் லான்செஸ்டர் தணிப்பியும், நான்கு சிலிண்டர் எந்திரங்களின் அதிர்வைப் போக்கும் சமநிலைத் தண்டும் இவருடைய படைப்புகள். சமநிலைத் தண்டுகள் இன்றும் பல கார் எந்திரங்களுக்குள் சுழல்கின்றன. தம் பெயர் தாங்கிய நிறுவனத்திலிருந்து 1914 அளவில் முற்றாக விலகினார். தம்பி ஜார்ஜின் பொறுப்பில் அது தொடர்ந்தது. நவநகர் சாம் சாகிபும் ஆல்வார் மகாராசாவும் அதன் வாடிக்கையாளர்கள். ஆல்வார் மகாராசாவுக்காக 1924 இல் அரச வண்டி வடிவில் செய்யப்பட்ட லான்செஸ்டர் பெயர்பெற்றது. 1931 இல் நிறுவனம் டெய்ம்லரின் உரிமையாளர்களிடம் சென்றது.

1919 இல் தமது 51 ஆம் வயதில் டோரத்தியா கூப்பரை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. 1922 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். ஒரு காலத்தில் இவர் கட்டுரைக்கு அறிவியல் உலகில் இடமில்லாதிருந்ததை இங்கு நினைவுகூரலாம். 1925 இல் தொடங்கிய ஆய்வக நிறுவனம் ஒலிபெருக்கிகள் முதலியவற்றைச் செய்தது. பொருளாதார மந்தத்தாலும், பார்க்கின்சன் நோயால் உடல் தளர்ந்ததாலும் 1934 இல் அது மூடப்பட்டது. பார்வையும் மங்கியது. விருதுகள் வந்துகொண்டிருந்தன: 1941 இல் ஆல்பிரட் எவிங் பதக்கம், 1945 இல் ஜேம்ஸ் வாட் பதக்கம். பணம் மட்டும் வரவில்லை. பர்மிங்காமின் மோஸ்லி பகுதியில் இருந்த தம் இல்லத்தில் 1946 மார்ச் 8 அன்று பணமுடையிலேயே காலமானார்.

1970 இல் கோவென்ட்ரி நகரில் அமைந்த பல்தொழில்நுட்பக் கல்லூரிக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. 1987 இல் அப்பெயர் மாற்றப்பட்டு, 1992 இல் அது கோவென்ட்ரி பல்கலைக்கழகமானது. அப்பல்கலைக்கழகத்தின் நூலகம் லான்செஸ்டர் பெயரில் அமைந்துள்ளது.