மலைகளுக்காகப் பேசிய ஒளிப்படங்கள்

நுழையும்முன்

காடும் மலையும் காக்கப்படச் சட்டம் வேண்டும். சட்டம் பிறக்க மக்கள் மனம் கனிய வேண்டும். நேரில் கண்டறியாத மலைக்காக ஒருவர் மனம் எவ்வாறு கனியும்? ஒளிப்படக் கருவியைத் துணைக்கொண்டு அவ்வினாவிற்கு விடை தந்தவர் ஆன்சல் ஆடம்ஸ்.

இளமையும் கல்வியும்

ஆன்சல் ஆடம்ஸ் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1902ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள் பிறந்தார். நான்கு வயதில், 1906ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தைத் தொடர்ந்த பின்னதிர்வில் தோட்டச் சுவரில் மோதுண்டு மூக்கு முறிந்தது. அதன் வளைவு இறுதிவரை நீங்கவில்லை. வகுப்பறையின் கட்டுப்பாடு அவருக்கு ஒத்துவரவில்லை. அதனை உணர்ந்த தந்தை, அவரைப் பள்ளியிலிருந்து விலக்கி வீட்டிலேயே கற்க வழிசெய்தார். 1915இல் அந்நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியே ஓராண்டு அவருக்குப் பள்ளியாயிற்று. பியானோ இசையைத் தாமே பயின்று, அதனையே வாழ்வாகக் கொள்ளவும் எண்ணியிருந்தார்.

மலையின் அழைப்பு

1916இல் பெற்றோருடன் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். வானளாவிய கருங்கற்பாறைகளும் பேரருவிகளும் பதினான்கு வயதுச் சிறுவனை ஆட்கொண்டன. பெற்றோர் அளித்த எளிய பிரௌனி ஒளிப்படக் கருவி அவர் கையில் இருந்தது. அதன்பின் அவர் அப்பள்ளத்தாக்கிற்குச் செல்லாத ஆண்டே இல்லை.

1927ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், கனத்த கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து, பனி படர்ந்த சரிவில் ஏறி, ஹாஃப் டோம் என்னும் பாறையின் எதிரே நின்றார். எஞ்சியவை இரண்டே தகடுகள். மஞ்சள் வடிகட்டியிட்டு ஒன்றில் படமெடுத்தார். தம் நெஞ்சில் எழுந்த பெருமிதம் அதில் பதியாது என உடனே உணர்ந்தார். சிவப்பு வடிகட்டி நீல வானத்தின் ஒளியைத் தடுத்து அதனைக் கருமையாக்கும். இறுதித் தகட்டில் அவ்வாறே எடுத்தார். இருண்ட வானின் முன் பாறை பேருருக்கொண்டு நின்றது. படமெடுக்கும் முன்னரே அதனை மனத்தில் முழுமையாகக் காண வேண்டும் என்னும் நெறி அன்று அவருக்குப் புலனாயிற்று.

படங்கள் பெற்ற பூங்கா

சியரா நெவாடா மலைத்தொடரிலுள்ள கிங்ஸ் கேன்யன் பகுதியில் பாயும் ஆற்றில் அணைகள் எழுப்பும் திட்டங்கள் இருந்தன. அப்பகுதியைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று 1936இல் ஆடம்ஸ் தம் படங்களுடன் வாஷிங்டன் சென்று வாதிட்டார். உடனடிப் பயன் விளையவில்லை. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1938இல் அம்மலைகளின் படங்களை நூலாக்கினார். உள்துறைச் செயலருக்கு அவர் அனுப்பிய அந்நூல், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் பார்வைக்கும் சென்றது. 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா உருவாயிற்று. பலருடைய உழைப்பின் விளைவே அது. அவ்வுழைப்பில் ஆடம்ஸின் படங்களுக்கும் பங்குண்டு.

நிலவு எழுந்த மாலை

1941ஆம் ஆண்டின் இலையுதிர்கால மாலையில், நியூ மெக்சிகோவின் ஹெர்னான்டஸ் சிற்றூர் வழியே வண்டியில் வந்துகொண்டிருந்தார். கிழக்கே பனிமலைகளின் மேல் நிலவு எழுந்திருந்தது; கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மறையும் கதிரவனின் ஒளியில் மின்னின. விரைந்து கருவியை நிறுத்தினார். ஒளிமானி அகப்படவில்லை. நிலவின் ஒளியளவை அவர் முன்பே அறிந்திருந்தார். அதனைக் கொண்டு மனக்கணக்கிட்டுப் படமெடுத்தார். மற்றொன்று எடுக்க முனைவதற்குள் சிலுவைகளின் மேல் ஒளி மறைந்துவிட்டது.

படமெடுத்த நாளை அவர் குறித்துவைக்கவில்லை. வானியலறிஞர்கள் படத்திலுள்ள நிலவின் நிலையைக் கணித்துப் பிற்காலத்தில் அதனைத் தேடினர். 1941 நவம்பர் முதல் நாள் என்பது அக்கணிப்புகளுள் ஒன்று.

புகழ்

ஆடம்ஸ் 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டு யோசெமிட்டியின் சிகரம் ஒன்று அவர் பெயரைப் பெற்றது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் பொன்தட்டில், மலைகளையும் வளைந்தோடும் ஆற்றையும் காட்டும் அவரது படம் ஒன்று விண்மீன்களிடையே சென்றுகொண்டிருக்கிறது. அவர் வாதாடிக் காக்கத் துணைநின்ற மலைகளோ, காண வருவோருக்காக இங்கேயே நிற்கின்றன.