மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒன்றே: ஸெனோப் கிராம்

இந்த இதழில் நீங்கள் சந்திக்கப்போவது ஒரு தச்சரை. மோட்டார், ஜெனரேட்டர் இரண்டின் வரலாற்றிலும் இடம்பெற்ற அவர் பெயர் ஸெனோப் கிராம்.

1826-ல் பெல்ஜியத்தின் லியேஜ் மாகாணத்தில் பிறந்தார். படிப்பு அதிகம் ஏறவில்லை, கைவேலையில் கெட்டிக்காரர். தச்சுத் தொழில் கற்று, 1856-ல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே மின் இயந்திரங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மாதிரிகள் செய்யும் வேலை கிடைத்தது. கண்ணெதிரே இருந்த இயந்திரங்களை இன்னும் நன்றாகச் செய்ய முடியாதா என்ற யோசனை அங்கேதான் பிறந்தது.

அந்நாளைய ஜெனரேட்டர்கள் தந்த மின்சாரம் ஏறி இறங்கித் துடித்தது. கிராம் ஓர் இரும்பு வளையத்தில் செம்புக் கம்பிச் சுருள்களை வரிசையாகச் சுற்றி, காந்தத்தின் முனைகளுக்கு நடுவே சுழலவிட்டார். ஒரு சுருள் விட்ட இடத்தில் அடுத்தது தொடர்ந்ததால் மின்சாரம் சீராக வந்தது. 1871-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் இதை வைத்தார். இத்தாலியரான பசினோட்டி இதேபோன்ற வளையத்தை முன்பே செய்திருந்தார்; ஆனால் அதைத் தொழிற்சாலைக்கு உதவும் இயந்திரமாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர் கிராம்.

1873-ல் வியன்னா உலகக் கண்காட்சி. ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜெனரேட்டரின் கம்பிகள், சும்மா நின்ற இன்னொரு ஜெனரேட்டருடன் இணைக்கப்பட்டன. நின்றது சுழலத் தொடங்கியது! கிராமின் கூட்டாளி ஃபோன்டேன் அதைக் கொண்டு ஒரு தண்ணீர் பம்பையே ஓட்டிக் காட்டினார். சுழற்றினால் மின்சாரம், மின்சாரம் கொடுத்தால் சுழற்சி. ஓரிடத்தில் உண்டாகும் சக்தியைக் கம்பி வழியே வேறிடத்தில் வேலை வாங்கலாம் என்று தொழிலதிபர்களுக்கு நம்பிக்கை வந்தது. பிரான்ஸ் அவருக்கு 1888-ல் வோல்டா பரிசு அளித்தது. 1901-ல் காலமானார். லியேஜ் நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

இதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பழைய பொம்மைக் காரின் மோட்டாரை எடுத்து, இரு முனைகளிலும் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை இணையுங்கள். அச்சில் நூலைச் சுற்றி வேகமாக இழுங்கள். விளக்கு மின்னும். மின்னவில்லையென்றால் கம்பிகளை மாற்றி இணையுங்கள், எல்.இ.டி. ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும். பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. எதிர் எடை உள்ள லிஃப்டில் அந்த எடை காலிக் கூண்டைவிடக் கனமானது. ஆளில்லாமல் கூண்டு மேலே ஏறும்போது, இறங்கும் எதிர் எடை மோட்டாரைச் சுழற்றி ஜெனரேட்டராக்கிவிடுகிறது. சாதாரண டிரைவ் உள்ள பல லிஃப்டுகளில் அந்த மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. ரீஜெனரேட்டிவ் டிரைவ் இருந்தால் கட்டடத்துக்கே திரும்பி வரும். லிஃப்டைப் புதுப்பிக்கும் பேச்சு பொதுக்குழுவில் வரும்போது, அந்த டிரைவுக்கு ஆகும் கூடுதல் செலவையும் மிச்சமாகும் மின்சாரத்தையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுவது நாம்தானே!