தெட்சுயா தியடோர் புஜிட்டா

தெட்சுயா தியடோர் புஜிட்டா (அக்டோபர் 23, 1920 - நவம்பர் 19, 1998) ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வானிலை ஆய்வாளர் ஆவார். டொர்னாடோ எனப்படும் சுழல்காற்றின் வலிமையை, அது விட்டுச்செல்லும் சேதத்தைக் கொண்டு மதிப்பிடும் புஜிட்டா அளவுகோலை 1971 ஆம் ஆண்டில் வெளியிட்டார். வானூர்தி விபத்துகளுக்குக் காரணமான மைக்ரோபர்ஸ்ட் என்னும் காற்றைக் கண்டறிந்தவரும் இவரே. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இவர் டெட் புஜிட்டா என்று பரவலாக அறியப்படுகிறார்.

பின்னணி

டொர்னாடோ என்பது இடிமழை மேகத்திலிருந்து தரை வரை நீளும், மிக வேகமாகச் சுழலும் காற்றுத் தூண் ஆகும். கடலில் உருவாகிப் பல நாட்கள் நீடிக்கும் புயலிலிருந்து இது வேறுபட்டது. பெரும்பாலான டொர்னாடோக்கள் சில நிமிடங்களே நீடிக்கின்றன. அவற்றின் பாதை பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலத்திற்கு மேற்படுவதில்லை. வழியில் அகப்படும் காற்றுமானிகள் சிதைந்துவிடுவதால் அதன் வேகத்தை நேரடியாக அளப்பது அரிது. புஜிட்டாவுக்கு முன்னர் எத்தனை டொர்னாடோக்கள் தோன்றின, எத்தனை பேர் இறந்தனர் என்பவை மட்டுமே பதிவாயின. மரக்கிளையை ஒடித்ததும் ஊரையே அழித்ததும் கணக்கில் ஒன்று எனவே எண்ணப்பட்டன.

இளமைக்காலம்

புஜிட்டா ஜப்பானின் கியூசு தீவில் உள்ள சோனே என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் பின்னாளில் கித்தாக்கியூசு நகரின் ஒரு பகுதியாயிற்று. மெய்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்று 1943 இல் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே ஆசிரியரானார்.

1945 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்கா வீசிய இரண்டாவது அணுகுண்டுக்கு முதலில் குறிக்கப்பட்ட இலக்கு, கல்லூரிக்கு அருகிலிருந்த கொக்குரா நகரம் ஆகும். மேகமும் புகையும் நகரை மறைத்திருந்ததால் வானூர்தி நாகசாக்கிக்குத் திரும்பியது. சில வாரங்களுக்குப் பின்னர் புஜிட்டா நாகசாக்கிக்கும் இரோசிமாவுக்கும் சென்று அழிவை ஆராய்ந்தார். நாகசாக்கியின் கல்லறைகளில் இருந்த மூங்கில் பூக்குழாய்களில் பதிந்திருந்த தீக்காயங்களின் கோணத்தைக் கொண்டு, குண்டு எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று கணக்கிட்டார். குண்டுவெடிப்பின் மையத்திலிருந்து மரங்கள் எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கிச் சாய்ந்திருந்ததையும் கண்டார். இக்காட்சி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இவருக்குப் பயன்பட்டது.

அமெரிக்கா செல்லல்

1947 இல் செபுரி மலையில் இருந்த வானிலை நிலையத்தில் இடிமழை ஒன்றை அளந்த புஜிட்டா, மேகத்திலிருந்து காற்று கீழ்நோக்கியும் பாய்வதைக் கண்டறிந்தார். அம்மலையில் இருந்த அமெரிக்க ரேடார் நிலையத்தின் குப்பையில் கிடைத்த ஆய்வுக்கட்டுரை ஒன்றின் மூலம், சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒராசு பயர்சு இடிமழை பற்றி ஆராய்ந்து வருவதை அறிந்தார். தம் கட்டுரையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அவருக்கு அனுப்பினார். பெரும் பொருட்செலவில் நடைபெற்ற அமெரிக்க ஆய்வின் முடிவை எளிய கருவிகளைக் கொண்டே இவர் எட்டியிருந்தது பயர்சைக் கவர்ந்தது. 1953 இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற புஜிட்டா, பயர்சின் அழைப்பின் பேரில் அவ்வாண்டே சிக்காகோ சென்றார். 1968 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது தியடோர் என்னும் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

டொர்னாடோ ஆய்வுகள்

1957 ஜூன் 20 அன்று வட டக்கோட்டா மாநிலத்தின் பார்கோ நகரை டொர்னாடோ தாக்கியது. பொதுமக்கள் எடுத்திருந்த ஏறத்தாழ 150 ஒளிப்படங்களைத் திரட்டிய புஜிட்டா, ஒவ்வொன்றும் எங்கிருந்து, எந்நேரத்தில் எடுக்கப்பட்டது என்று கணித்து, டொர்னாடோவின் வளர்ச்சியைப் படிப்படியாக வரைந்தார். டொர்னாடோ தோன்றும் இடத்தில் தாழ்ந்து தொங்கும் மேகத்திற்குச் சுவர் மேகம் என்று பெயரிட்டவர் இவரே.

1965 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் தோன்றிய டொர்னாடோக்களால் 250 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். புஜிட்டா சிறு வானூர்தியில் பறந்து அவற்றின் தடங்களை ஒளிப்படம் எடுத்தார். வயல்களில் காணப்பட்ட சுருள் வடிவத் தடங்களிலிருந்து, ஒரு டொர்னாடோவினுள் சிறிய சுழல்கள் பல சுற்றிவரக்கூடும் என்ற முடிவுக்கு வந்தார். ஒரு வீடு தரைமட்டமாகியிருக்க அடுத்த வீடு அப்படியே நிற்பதற்கான காரணம் இதனால் விளங்கியது.

புஜிட்டா அளவுகோல்

மனைவி சுமிக்கோவின் உதவியுடன் புஜிட்டா இவ்வளவுகோலை உருவாக்கினார். காற்றை அளக்க இயலாத நிலையில், சேதத்தைப் பார்த்து வேகத்தை உய்த்துணர்வதே இதன் அடிப்படை ஆகும். நடைமுறையில் பயன்பட்ட படிகள் ஆறு:

எஃப்-0 (மணிக்கு 64-116 கிமீ): மரக்கிளைகள் ஒடியும்.
எஃப்-1 (117-180 கிமீ): கூரையின் மேற்பரப்பு உரியும், நகரும் வீடுகள் கவிழும்.
எஃப்-2 (181-253 கிமீ): மரச்சட்ட வீடுகளின் கூரை பெயரும்.
எஃப்-3 (254-332 கிமீ): நன்கு கட்டிய வீடுகளின் சுவர்களும் விழும், தொடருந்துகள் கவிழும்.
எஃப்-4 (333-418 கிமீ): நன்கு கட்டிய வீடுகள் தரைமட்டமாகும்.
எஃப்-5 (419-512 கிமீ): வீடுகள் அடித்தளத்திலிருந்து அடியோடு அகற்றப்படும்.

1974 ஏப்ரல் 3, 4 ஆகிய நாட்களில் 13 மாநிலங்களில் 148 டொர்னாடோக்கள் தோன்றி 300 க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. புஜிட்டாவின் குழுவினர் அவை அனைத்தையும் இவ்வளவுகோலால் தரப்படுத்தி ஒரே வரைபடத்தில் குறித்தனர்.

மைக்ரோபர்ஸ்ட்

1974 ஆம் ஆண்டுச் சேதங்களை வானிலிருந்து பார்வையிட்டபோது, மேற்கு வர்ஜீனியாவில் மரங்கள் சுழலாக இன்றி, ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்திருந்தன. நாகசாக்கியில் கண்ட அதே வடிவம் இது. 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்க வந்த பயணிகள் வானூர்தி விழுந்து 113 பேர் இறந்தனர். மேகத்திலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்து, தரையில் மோதிச் சிதறும் காற்றே காரணம் என்றார் புஜிட்டா. அத்தகைய காற்று தரையை நெருங்குமுன் வலுவிழந்துவிடும் என்று வானிலையாளர் பலர் கருதியதால் இக்கருத்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1978 இல் சிக்காகோ அருகே மூன்று டாப்ளர் ரேடார்களைக் கொண்டு நடத்திய ஆய்வில் 50 மைக்ரோபர்ஸ்டுகளைப் பதிவு செய்து, புஜிட்டா தம் கருத்தை நிலைநாட்டினார். எனினும் 1985 ஆகஸ்டில் டாலசு அருகே இதே காரணத்தால் நேர்ந்த விபத்தில் 137 பேர் இறந்தனர். பின்னர் விமானிகளுக்குச் சிறப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. 1990களில் அமெரிக்காவின் முதன்மை வானூர்தி நிலையங்களில் எச்சரிக்கை ரேடார்கள் நிறுவப்பட்டன.

டொர்னாடோவின் தடங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற புஜிட்டா, தம் கண்ணால் ஒரு டொர்னாடோவை முதன்முதலாகக் கண்டது 1982 ஜூன் 12 அன்று கொலராடோவில் என்பது குறிப்பிடத்தக்கது.

நீண்டகாலப் பதிவுகளில் பங்கு

1970களின் நடுப்பகுதியில் 1950 முதலான டொர்னாடோக்களுக்கும் பழைய நாளிதழ்ச் செய்திகளைக் கொண்டு எஃப் படிகள் வழங்கப்பட்டன. இதனால் பல பத்தாண்டுகளின் டொர்னாடோக்களை ஒப்பிட வழி பிறந்தது. அமெரிக்காவில் பதிவாகும் டொர்னாடோக்களின் ஆண்டு எண்ணிக்கை 1950 முதல் பெரிதும் உயர்ந்துள்ளது. ஆனால் படிவாரியாகப் பிரித்தால் இவ்வுயர்வு பெரும்பாலும் வலுக்குறைந்த எஃப்-0 வகையைச் சேர்ந்தது. ரேடார்களும் தன்னார்வப் பார்வையாளர்களும் பெருகியதால், முன்பு எவர் கண்ணிலும் படாதவை பின்னர் பதிவாயின. வலிய டொர்னாடோக்களில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. அதே வேளையில், டொர்னாடோக்கள் குறைந்த நாட்களில் கொத்தாகத் தோன்றும் போக்கும், பெருஞ்சமவெளியிலிருந்து தென்கிழக்கு மாநிலங்களை நோக்கி நகரும் போக்கும் இப்பதிவுகளிலிருந்தே கண்டறியப்பட்டுள்ளன.

அளவுகோலுக்குக் குறைகளும் உண்டு. அது அளப்பது சேதத்தையே, காற்றை அன்று. கட்டடமற்ற வெளியில் செல்லும் வலிய டொர்னாடோவுக்குக் குறைந்த படியே கிடைக்கக்கூடும். எஃப்-5 க்குக் கணித்ததைவிடக் குறைந்த வேகத்திலேயே வீடுகள் அழியக்கூடும் எனப் பொறியாளர்கள் கண்டனர். நாளிதழ்களைக் கொண்டு வழங்கிய பழைய படிகள் சற்று மிகையானவை என்றும் கருதப்படுகிறது. இக்குறைகளைக் களைய, 28 வகைச் சேதக் குறியீடுகளைக் கொண்ட மேம்படுத்திய புஜிட்டா அளவுகோல் 2007 பிப்ரவரி 1 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. பழைய பதிவுகளோடு தொடர்ச்சி அறாதிருக்க, ஆறு படிகளும் அவ்வாறே வைக்கப்பட்டன.

மறைவு

புஜிட்டா 1998 நவம்பர் 19 அன்று சிக்காகோவில் தம் இல்லத்தில் 78 ஆவது அகவையில் காலமானார். இவருடைய முறை தொடர்ந்து பயன்பட்டு வருகிறது. 2025 ஜூன் 20 அன்று, பார்கோ டொர்னாடோ தாக்கி 68 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், அதே மாநிலத்தின் எண்டர்லின் அருகே ஒரு டொர்னாடோ தோன்றியது. அது கவிழ்த்து வீசிய தொடருந்துப் பெட்டிகளை ஆராய்ந்தே, 2013 க்குப் பின்னர் அமெரிக்காவின் முதல் ஈஎஃப்-5 டொர்னாடோ அது என்று அவ்வாண்டு அக்டோபரில் முடிவு செய்யப்பட்டது.